அவள் நடக்காத நடை

டாக்டர் என் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டார். அவளை முந்திக்கொண்டு நான் பதில் சொன்னேன். நான் சொன்னது பொய்.

அந்தப் பொய்யால் அவளுடைய இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிற்று. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏனென்றால் சுற்றி வளைத்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரன். என்னைப் பேசவிட்டால் கொஞ்ச நேரத்தில் நீங்களே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். அது வேண்டாம்.

எங்கள் சபையில் பாவசங்கீர்த்தனம் கிடையாது. கத்தோலிக்க நண்பர்களுக்கு அந்த வசதி உண்டு. ஒரு திரை, திரைக்குப் பின்னால் கேட்பதற்கு ஒரு காது. நாங்கள் நேராகக் கடவுளிடமே சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள். சொன்னேன், பல தடவை. ஆனால் அவருக்குத்தான் முன்பே தெரியுமே... தெரியாத ஒருவரிடம் சொன்னால்தானே சொன்னதாக ஆகும்? அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

இரும்புலியூர் பக்கம் வந்து 'வாக்கிங் சார்' என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் என் வீட்டைக் காட்டுவார். என் பெயர் தேவசகாயம். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன். ஏரிக்கரையில் ஒரு நடைக் குழுவைத் தொடங்கி, மஞ்சள் பனியன் அடித்து, விடிந்ததும் விடியாததுமாக ஊரையே நடக்க வைத்தவன். பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் இந்தக் கதையில் குற்றவாளி. அதை நீங்கள் பார்த்தாக வேண்டும்.

நான் நடக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் மாரடைப்பு. வேலையில் இருந்தபோதே வந்தது. லைனில் நின்றுகொண்டிருந்தவன் அப்படியே ஒரு டிராலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்ல காலம், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன்.

அப்போது ஆஸ்பத்திரியில் நான் டாக்டரோடு சண்டை போட்டேன். "நான் என்ன நாற்காலியில சாய்ஞ்சு வேலை பார்க்கிறவனா டாக்டர்? ஷிப்ட் முழுக்க நின்னபடி, தூக்கினபடி, ஓடினபடி இருக்கேன். எனக்கு எப்படி வரும்?"

அவர் கோபப்படாமல் விளக்கினார். வேலையில் உடம்பு அசைவது வேறு, இதயத்துக்குப் பயிற்சி கொடுப்பது வேறு என்றார். வேலையில் நாள் முழுக்க நிற்கிறோம், கனம் தூக்குகிறோம், மேலதிகாரிக்குப் பயந்து பரபரக்கிறோம். இரத்த அழுத்தம் ஏறினால் ஏறினபடியே கிடக்கும், இறங்கி ஓய்வெடுக்க நேரமே கிடைக்காது. வேகமாக நடக்கும்போது அப்படி இல்லை. இதயம் சீராக ஏறி, கொஞ்ச நேரம் அந்த நிலையிலேயே உழைத்து, பிறகு மெதுவாக இறங்கும். அதுதான் அதற்குப் பாடம். உடம்பு களைத்துப் போய்விட்டதாலேயே இதயம் பலப்பட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள் என்றார்.

இந்த விளக்கத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் அறியாமையால் தவறு செய்தவன் இல்லை. இது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்திருந்தது. ஏரிக்கரையில் புதிதாக யார் வந்தாலும் நான் சொல்கிற முதல் பாடமே இதுதான்.

அடுத்து மற்றவற்றைச் சொல்வேன். கடைக்குப் போய் வருகிற ஆடி அசைந்த நடை உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவோ மேல். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கைகால்களை நீட்டி மடக்குவது மூட்டுகளுக்கு நல்லது; அதை மட்டும் வைத்து இதயத்தை ஏமாற்ற முடியாது. கொஞ்சம் கனம் தூக்கிப் பழகுங்கள், தசை பலப்படும், சர்க்கரையும் கட்டுக்குள் வரும். ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், அழுத்தம் குபீரென்று ஏறும். நெஞ்சில் இறுக்கமோ வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் நடையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் பிடித்த பாடம். எந்த வேகத்தில் நடப்பது? அதற்குக் கருவி எதுவும் வேண்டாம் என்பேன். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். இதைச் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே ஒரு வரி பாடிப் பார்த்து மூச்சு வாங்கிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் மாஸ்டர் பீஸ் அது.

இவ்வளவும் தெரிந்தவனுடைய வீட்டில் ஹெலன் இருந்தாள்.

ஹெலன் என் மனைவி. எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் இரண்டாவது மாடி. நான் பனியனை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே அவள் எழுந்துவிடுவாள். நான் திரும்பி வரும்போது ராகிக் கஞ்சி சூடு ஆறி, குடிக்கிற பதத்தில் மேசையில் இருக்கும். வெள்ளைக்கரு மட்டும் எடுத்த முட்டை இருக்கும். என் இதயத்துக்காக உப்பு குறைத்த சாம்பார் ஒரு அடுப்பிலும், மற்றவர்கள் சாப்பிடுகிற சாம்பார் இன்னொரு அடுப்பிலும் கொதிக்கும். எங்கள் பெண் ஷீபா கோயம்புத்தூருக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் இந்த இரண்டு அடுப்பு ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. 'மற்றவர்கள்' என்பது அவள் ஒருத்திதான்.

தண்ணீர் கேன் போடுகிறவர் எங்கள் கட்டிடத்தில் மாடி ஏற மாட்டார். கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஸ்டென்ட் வைத்தவன் கனம் தூக்கக்கூடாது என்று ஹெலன் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அதனால் கேனை அவளே தூக்கி வருவாள். இடுப்பில் அண்டக்கொடுத்து, படிக்குப் படி நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு... அந்தச் சட்டத்தை நான் ஒரு நாளும் எதிர்த்ததில்லை.

ஒருநாள் அவள் கேட்டாள். "நானும் உங்ககூட வரட்டுமா காலையில?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உனக்கு எதுக்கும்மா வாக்கிங்? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நீ செய்யற வேலையே பெரிய எக்ஸர்சைஸ்."

என் டாக்டரிடம் நான் வைத்த அதே வாதம்! அது தப்பு என்று அவர் எனக்கு விளக்கினார். அதையே நான் ஊருக்கு விளக்கினேன். வீட்டுக்குள் வந்ததும் பழைய வாதத்தைத் தூசு தட்டி எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஏன்? இதைப் பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டு வேலை வீண் என்று நான் சொல்லவில்லை; சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நல்லதுதான். ஆனால் அவளுக்கு அது போதும் என்று நான் மனதார நம்பினேனா? இல்லை. ஏரிக்கரை என் ராஜ்ஜியம். அங்கே நான் வாக்கிங் சார். பக்கத்தில் ஹெலன் மெதுவாக நடந்து வந்தால் நானும் மெதுவாக நடக்க வேண்டும். 'உப்பு டப்பா மூடியை ஏன் திறந்து போட்டுட்டு வந்தீங்க' என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். அதைவிட அற்பமான காரணம் ஒன்று உண்டு. அவளும் என்னோடு வந்துவிட்டால், திரும்பி வரும்போது கஞ்சி தயாராக இருக்காது. இவ்வளவுதான். சொல்லும்போதே கூசுகிறது.

ஹெலன் சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற கீழ்க்குரல் பாடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறவள். அவளுக்கென்று அவள் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை ஒத்திகைக்கு மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாட்டின் நடுவில் அவள் உதடு நின்றுவிட்டதைப் பார்த்தேன். எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, அவள் பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

பேச முடிந்தது, பாட முடியவில்லை. நடக்கவில்லை, ஓடவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த அந்த அடையாளம் என் கண் முன்னால் நின்றது. எனக்கு அந்த நிமிடமே உறைத்தது, மறுக்க மாட்டேன். ஆனால் உறைத்ததை அப்படியே ஓரமாகத் தள்ளி வைத்தேன். ஃபேன் சரியாகச் சுற்றவில்லை, புழுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளும் 'கேஸ்' என்றாள். எங்கள் பக்கத்தில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்தான். ஓமத்தண்ணீர் குடித்தாள், பெருங்காயத்தை மோரில் கரைத்துக் குடித்தாள். படி ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்வது போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வாள். முதுகில் நடுவில் யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஷீபா ஃபோனில் பிடிவாதம் பிடித்த பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

எங்கள் தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் நல்லவர், பொறுமைசாலி. எங்கள் நடைக் குழுவின் போஸ்டரைத் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதில் கையை வீசி நடக்கிற படத்தில் இருப்பது நான்தான். நாங்கள் உள்ளே போனதும், "வாங்க சார், நீங்க இருக்கிற வீட்டுல அம்மாவுக்கு என்ன பிரச்சனை வரப்போகுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நான் குளிர்ந்துபோனேன்.

அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். அழுத்தம் பார்த்தார். ஈசிஜி எடுத்தார், அதில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு தாளை எடுத்து, மேலே ஹெலனுடைய பெயரை எழுதி, வேகமாக நடக்க வைத்து இதயத்தைப் பார்க்கிற டிரெட்மில் டெஸ்டுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"தினமும் நடப்பீங்களாம்மா? வேகமா நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கறது, ஏதாவது உண்டா?"

அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். "தினமும் என்கூடத்தான் டாக்டர். ஏரியைச் சுத்தி நல்ல வேகத்துல வருவா. ஒரு பிரச்சனையும் கிடையாது."

ஏன் சொன்னேன்? சுவரில் என் படம் இருந்தது. ஊரை நடக்க வைப்பவன் பெண்டாட்டியை நடக்க வைக்கவில்லை என்று அந்த மனிதர் நினைத்துவிடக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

ஹெலன் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம் இருந்தது. பிறகு தலையைக் குனிந்து மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "அவ்வளவு வேகமா நடந்தும் ஒண்ணும் செய்யலேன்னா பயப்பட வேண்டாம். டிரெட்மில்லுக்கு அனுப்பலாம்னு நினைச்சேன், அவசரமில்லை. கேஸுக்குத்தான் மாத்திரை தர்றேன், பார்க்கலாம்" என்றார். பெயர் எழுதிய தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா? வேகமாக நடந்தால் என்ன ஆகிறது என்பதுதான் இதய அடைப்பைக் கண்டுபிடிக்க முக்கியமான கேள்வி. அதற்கு ஒரு 'நிபுணன்' பதில் சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தெருவில் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றபோது அவள் கேட்டாள். "அப்போ நாளையிலேர்ந்து நான் நிஜமாவே வரட்டுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட அவளே ஒரு வழி காட்டினாள். எவ்வளவு சுலபமான வழி!

"மழைக்காலம் முடியட்டும். ஏரிக்கரை பூரா சேறு" என்றேன்.

அந்தச் சேற்றில்தான் நான் தினமும் நடந்துகொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

மழை விட்டு, வெயில் வந்து, பொங்கல் முடிந்த பிறகு ஒரு முற்பகல். அடுத்த பனியன் என்ன நிறம் என்பதில் குழுவில் பெரிய தகராறு. பச்சைதான் வேண்டும் என்று நின்ற மூர்த்தியோடு நான் ஃபோனில் வாதாடிக்கொண்டிருந்தேன். கீழே தண்ணீர் கேன் வந்துவிட்டதாகக் குரல் கேட்டது. ஹெலன் இறங்கிப் போனாள். நான் பேச்சை நிறுத்தவில்லை.

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கிற கன்னியம்மா மேலே ஓடி வந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "சார், ஃபோனை வைங்க சார். அக்கா படியில குந்திகினு கீறாங்க. ஒரேடியா வேர்க்குது, கூப்ட்டா பேச மாட்றாங்க."

முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தாள். கேன் ஒரு படி கீழே நின்றது. நெற்றி, கழுத்து எல்லாம் குளித்தது போல் ஈரம். கேனைப் பார்த்து, "கீழ விழுந்துடப் போகுது, பிடிங்க" என்றாள். கன்னியம்மாதான் ஆட்டோ பிடித்து வந்தாள். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய அடைப்பு. திறந்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இதயத்தின் தசை ஒரு பக்கம் அடிபட்டுவிட்டது; இனி பழைய பலத்தோடு இரத்தத்தைத் தள்ளாது என்றார்கள். இந்த அடைப்பு ஒரு நாளில் வந்ததல்ல, சில மாதமாகவே அறிகுறி காட்டியிருக்குமே என்று அங்கிருந்த இதய மருத்துவர் கேட்டார். இளம் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

அடுத்த நாள் அவர் ஹெலனின் கட்டிலருகே நின்று கேட்டார். "இதுக்கு முன்னாடி நடைப் பழக்கம் உண்டாம்மா?"

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை வெளியே வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரட்டும் என்றுகூட நினைத்தேன்... அப்படி நினைத்ததாக இப்போது நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

ஹெலன் கண்ணைத் திறந்து சொன்னாள். "ஆமா டாக்டர். தினமும் இவர்கூடத்தான்."

"அதனாலதான் தாங்கினீங்க. இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்றார் அந்தப் பெண். என்னைப் பார்த்து, நன்றி சொல்கிற மாதிரி தலையை அசைத்தார்.

அவர் அறையை விட்டு வெளியே போனதும் பின்னாலேயே போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கூப்பிட்டேன். நின்று திரும்பினார். நான் கேட்டது இதுதான்: "டாக்டர், அவளுக்கு இளநீர் கொடுக்கலாமா?"

ஹெலன் வீட்டுக்கு வந்தாள். கேன் தூக்குகிற வேலை எனக்கு வந்தது. என் டாக்டரைக் கேட்டேன், நிதானமாகத் தூக்கினால் பரவாயில்லை என்றார். இத்தனை வருடமும் கேட்டிருக்கலாம். முதல் கேனைத் தூக்கி வந்த அன்று திருப்பத்தில் நின்றேன். மூச்சு தானாகவே அடைபட்டிருந்தது. காதுக்குள் தடதடவென்று அடித்தது. மேலே வந்து உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்றால், அடுப்பில் பால். பாலை இறக்கினால் துணி. துணியை எடுத்தால் காலிங் பெல். ஏரியைச் சுற்றி வந்தால் உடம்பில் ஒரு தெளிவு வரும். இங்கே வெறும் களைப்புதான் வந்தது. என் டாக்டர் சொன்னதை அன்றுதான் உடம்பால் கேட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஹெலன் தேறியதும் ஆயர் என்னிடம் வந்தார். "அம்மாவால ரொம்ப நேரம் நின்னு பேச முடியாது, நீங்க சொல்லுங்க சார். வாக்கிங் பத்தியும் நாலு வார்த்தை சொல்லுங்க, சபைக்குப் பிரயோஜனமா இருக்கும்."

மறுக்க எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் மைக்கைப் பிடித்தேன். கர்த்தருடைய கிருபை என்றேன். அதற்குப் பிறகு, "நாங்கள் இருவரும் தினமும் ஒன்றாக நடந்த பழக்கத்தை ஆண்டவர் ஒரு கருவியாகப் பயன்படுத்தினார்" என்றேன். பெஞ்சுகளிலிருந்து ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று குரல் எழுந்தது. பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சியைப் பற்றியே ஒன்று உண்டு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பாடகர் குழுவின் வரிசையில் ஹெலனுடைய இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். ஹெலன் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இனி அவள் அங்கேதான். நான்கு வரி சேர்ந்தாற்போல் பாட மூச்சு இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வேப்ப மரத்தடியில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் அவளைப் போலவே வீட்டில் ஓயாமல் வேலை செய்கிறவர்கள். "நீங்க குடுத்துவெச்சவங்கக்கா, அண்ணன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காரு. எங்க வீட்டுல 'நீ செய்யற வேலையே போதும்'னு சொல்லிடறாங்க" என்றாள் ஒருத்தி.

ஹெலன் சிரித்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வரட்டுமான்னு யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்கம்மா. செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க."

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். "ஆஸ்பத்திரியில ஏன் அப்படிச் சொன்னே?"

தட்டை எடுக்கப் போனவள் நின்றாள். "அந்தப் பொண்ணு முன்னாடி நீங்க முழிச்சுக்கிட்டு நிக்கறதைப் பார்க்க எனக்கு அப்போ தெம்பு இல்லை" என்றாள். இப்போது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

மாலையில் இப்போது அவள் நடக்கிறாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த அளவில், மெதுவாக, தெரு முனை வரை. என்னோடு இல்லை. இஸ்திரி வண்டியை மூடிவிட்டுக் கன்னியம்மா வருவாள், இரண்டு பேரும் கிளம்புவார்கள். நான் பால்கனியிலிருந்து பார்ப்பேன். ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே போவார்கள். நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தெரு முனை டாக்டர் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு டிரெட்மில் எழுதாம விட்டேன் பாருங்க... எழுத ஆரம்பிச்ச தாளை மடிச்சு வெச்சேன். அதை நினைச்சா தூக்கம் வரலை சார். நான் கோட்டை விட்டுட்டேன். நீங்களும் அம்மாவும் என்னை மன்னிக்கணும்" என்றார். ஐம்பது வயது மனிதர். கண் கலங்கியிருந்தது.

நான் என்ன செய்தேன்? எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தேன். "விடுங்க டாக்டர். மனுஷங்கதானே. நாங்க எதுவும் மனசுல வெச்சுக்கலை" என்றேன்.

மன்னித்தேன்! நான், அவரை!

சமையலறை வாசலில் ஹெலன் நின்றிருந்தாள். அவர் படி இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் பிடிவாதமாகக் கேட்டது இது ஒன்றுதான். "எனக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த மனுஷர்கிட்ட சொல்லிடுங்க. அவர் பாவம்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன்.

அந்த டாக்டர் இப்போது எங்கள் நடைக் குழுவில் சேர்ந்துவிட்டார். தானே ஒழுங்காக நடக்காமல் பிறருக்கு என்ன சொல்வது என்று அவருக்கு ஒரு உறுத்தல். பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் என் பக்கத்திலேயே நடக்கிறார். வேகம் என்னவென்று முதல் நாள் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இப்போது சரியாகப் பிடித்துக்கொண்டார்.

ஏரியைச் சுற்றி வருகிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் வருகிறோம். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடப்பதைப் பேசுகிறோம். மேம்பாலத்தில் டிராஃபிக்கைப் பேசுகிறோம். சில நாள் அவராகவே ஹெலனைப் பற்றி விசாரிப்பார். சொல்வதற்குத் தோதாகச் சிறிது நேரம் அமைதியாக நடப்பார்கூட. நான் மூச்சு வாங்குவது போல் செய்துகொள்வேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பேன். கஞ்சியை இப்போது நானே காய்ச்சிக்கொள்கிறேன். ஹெலன் மேசையருகே உட்கார்ந்து மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்.

"டாக்டர் வந்திருந்தாரா?"

"வந்திருந்தார்."

அதற்கு மேல் அவள் கேட்பதில்லை. நான் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுவேன்.